முகவரிக்குத் தண்டனை

2006 முடிந்து 2007 பிறந்த வேளையில், கத்தார் நாட்டிலிருந்த யாராலும் விக்கிப்பீடியாவில் கணக்கு இல்லாமல் ஒரு வரிகூடத் திருத்த முடியவில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவின் நிர்வாகி ஒருவர், ஒரு ஐபி முகவரியிலிருந்து ஓயாமல் குப்பை வந்து விழுவதைப் பார்த்து, வழக்கம்போல அந்த முகவரிக்குத் தடை போட்டார். அன்றாடம் நடக்கிற வேலைதான். ஆனால் அந்த முகவரி ஒரு வீட்டுக்கோ கல்லூரிக்கோ உரியது அல்ல. கத்தாரின் இணையப் போக்குவரத்து ஏறக்குறைய மொத்தமும் அந்த ஒற்றை முகவரி வழியாகத்தான் வெளியே போய்க்கொண்டிருந்தது. விக்கிப்பீடியா ஒரு நாட்டையே விலக்கிவிட்டது என்று செய்திகள் பறந்தன. அப்படி யாரும் முடிவெடுக்கவில்லை. படிப்பதற்குத் தடையும் இல்லை. விஷயம் தெரிந்ததும் சில மணி நேரத்தில் தடை நீங்கியது. யாரோ ஒருவர் செய்த குறும்புக்கு ஒரு நாட்டு மக்கள் புத்தாண்டு நாளில் வாசலில் நின்றார்கள்.

அதன்பிறகு இணையம் எவ்வளவோ மாறிவிட்டது. இந்தத் தவறு மட்டும் அப்படியே இருக்கிறது. ‘அணுகல் மறுக்கப்பட்டது’ என்ற வெள்ளைப் பக்கத்தைப் பார்க்கிறவருக்கு முதலில் தோன்றுவது, நாம் என்ன தப்பு செய்தோம் என்ற கேள்வி. பெரும்பாலும் ஒன்றும் செய்திருக்க மாட்டார். அந்தத் தீர்ப்பு அவரைப் பற்றியதே அல்ல. அவர் வந்த முகவரியைப் பற்றியது, அந்த முகவரியை நேற்று யார் வைத்திருந்தார் என்பதைப் பற்றியது, இதே நொடியில் அதை வேறு யாரெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பற்றியது. பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் ஊர் சொல்லும். ஐபி முகவரிகளுக்கு நல்ல பெயர், கெட்ட பெயர் சூட்டுவதை ஒரு தொழிலாகவே நடத்தும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றின் கண்ணுக்குத் தெரிவது பனைமரம்தான். தப்புக்கணக்கு எங்கும் நடப்பதுதான். இந்தத் தப்புக்கணக்கில் உள்ள விசேஷம், அது போட்டவரின் காதுக்கே போய்ச் சேராது என்பது. இணையதளங்கள் ஏன் வெளியே தள்ளுகின்றன, மீண்டும் உள்ளே போவது எப்படி என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அங்கேதான் கிடக்கிறது.

முகவரிப் பஞ்சத்திலிருந்து தொடங்க வேண்டும். 1981இல் வகுத்த ஐபி நான்காம் பதிப்பில் ஒரு முகவரிக்கு 32 பிட். அதை வைத்து அதிகபட்சம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் உண்டாக்க முடியும். ஆராய்ச்சிக்கூடங்களை இணைக்க வந்த வலைக்கு அன்று அது கடல்போலத் தெரிந்தது. அதனால் வாரி வழங்கினார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் என்ற ஒரே கல்வி நிறுவனத்தின் கையில் 1,67,77,216 முகவரிகள் இருந்தன. 2017இல் அதில் ஒரு பகுதியை அது விற்றுக் காசாக்கியது. உலகப் பொதுக்கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகம் அதே ஆண்டு ஏப்ரலில் கடைசிக் கட்டுக்கு வந்து, அதற்குப் பிறகு ரேஷன் கடைபோல அளந்துதான் கொடுத்தது. இந்தியாவில் கோடிக்கணக்கானவர்கள் கைபேசி வழியாக இணையத்துக்குள் வந்தது அதற்குப் பின்னால். பந்திக்குப் பிந்தியவர்களுக்கு இலை பற்றவில்லை. ஓர் இலையில் பல பேர் உட்கார வேண்டியதாயிற்று.

அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கைபேசிக்குத் தொலைபேசி நிறுவனம் கொடுக்கும் முகவரி பெரும்பாலும் 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலான எண்களிலோ தொடங்கும். இரண்டாவது வரிசை, இப்படிப் பகிர்ந்து பிழைப்பதற்கென்றே 2012இல் ஒதுக்கி வைத்தது. இவை அந்த நிறுவனத்தின் மதிலுக்குள் மட்டும் செல்லும் எண்கள். வெளியே காலடி வைக்க முடியாது. வெளியே போகிற ஒவ்வொரு கோரிக்கையின் மேலும் ஒரு பெரிய கருவி நிறுவனத்தின் பொது முகவரி ஒன்றை ஒட்டி அனுப்புகிறது. பதில் யாருக்கு என்று தெரிவதற்காக ஒரு போர்ட் எண்ணையும் சேர்த்து ஒட்டுகிறது. ஒரு முகவரிக்கு 65,536 போர்ட் எண்கள் உண்டு. ஒருவருக்குச் சில நூறோ ஆயிரமோ கொடுத்தாலும், பல டஜன் பேரிலிருந்து சில நூறு பேர் வரை ஒரே பொது முகவரியில் குடித்தனம் நடத்தலாம். இணையதளம் பார்ப்பது அந்தப் பொது முகவரியை மட்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் நூறு வீடுகள், வாசலில் ஒரே கதவு எண். ஒரு வீட்டுக்காரர் கடன் வாங்கி ஏமாற்றினால் கடைக்காரர் கதவு எண்ணைக் குறித்துவைத்து அத்தனை பேருக்கும் கடன் இல்லை என்கிறார்.

இது வெறும் ஊகம் அல்ல என்பதற்கு, தடுப்பு வேலையையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்திடமிருந்து சாட்சி வந்திருக்கிறது. உலக இணையதளங்களில் கணிசமானவற்றுக்கு முன்னால் காவல் நிற்கும் கிளவுட்ஃப்ளேர், பகிர்ந்த முகவரிகளைத் தனியே பிரித்து ஆராய்ந்து 2025 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. அந்த முகவரிகளிலிருந்து வரும் போக்குவரத்தில் பாட் எனப்படும் தானியங்கி நிரல்களின் பங்கு தனி முகவரிகளைவிட அதிகம் இல்லை. ஆனால் குறுகிய நேரத்தில் அதிகம் கேட்பவரை நிறுத்தும் வேகக் கட்டுப்பாட்டில் சிக்கிக்கொள்வது மட்டும் சுமார் மூன்று மடங்கு. ஒரு முகவரிக்குப் பின்னால் அதிகம் பேர் நெருக்கிக்கொண்டிருப்பது வளரும் நாடுகளில்தான் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஆக, கெட்டவர்கள் எண்ணிக்கை கூடவில்லை. கூட்டம் கூடியிருக்கிறது, கூட்டமே குற்றமாகத் தெரிகிறது. பணக்கார நாட்டுக்கும் இது நேரலாம். 2008 டிசம்பரில் பிரிட்டனின் கண்காணிப்பு அமைப்பு ஒன்று விக்கிப்பீடியாவின் ஒரே ஒரு பக்கத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அந்த ஒரு பக்கத்தை வடிகட்டுவதற்காக அங்குள்ள பெரிய சேவை நிறுவனங்கள் விக்கிப்பீடியாவுக்கான போக்குவரத்தைச் சில இடைச்சர்வர்கள் வழியே திருப்பிவிட்டன. எண்ணற்ற பிரிட்டன்காரர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய முகவரிகளுக்குள் அடைபட்டார்கள்; அவர்களில் யாரோ செய்த நாசவேலைக்காக, கணக்கு இல்லாத மற்ற எல்லாருக்கும் திருத்தும் வசதி போனது. நான்கு நாள் கழித்துப் பட்டியலிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்த பிறகே நிலைமை சீரானது.

தளக்காரர்களின் நிலையையும் பார்க்க வேண்டும். அவர்கள் வேடிக்கைக்காகக் கதவைச் சாத்துவதில்லை. நமக்கு நன்கு தெரிந்த உதாரணம், ரயிலில் கடைசி நேர முன்பதிவான தட்கல். முன்பதிவு திறக்கும் முதல் ஐந்து நிமிடத்தில், ரயில் டிக்கெட் விற்கும் ஐஆர்சிடிசி தளத்தில் நுழைய நடக்கும் முயற்சிகளில் பாதி வரை பாட்களுடையவை என்று ரயில்வே அமைச்சகம் 2025 ஜூனில் தெரிவித்தது, சந்தேகத்துக்குரிய 2.5 கோடி பயனர் கணக்குகளை முடக்கியதாகவும் சொன்னது. அந்தப் பாட்களை விட்டுவைத்தால், விரலால் தட்டி டிக்கெட் எடுக்க நினைக்கிறவருக்குக் காத்திருப்போர் பட்டியல்கூட மிஞ்சாது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குத் தீனி சேர்க்கும் நிரல்கள் இன்னொரு பக்கம். விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் கொடுத்த கணக்கின்படி, படங்களும் காணொளிகளும் இறங்கும் அளவு 2024 ஜனவரியிலிருந்து 50 விழுக்காடு ஏறியிருந்தது. செலவு அதிகம் வைக்கும் போக்குவரத்தில் 65 விழுக்காடு பாட்களால் வந்தது. நன்கொடையில் நடக்கும் தளத்துக்கு இது விளையாட்டு அல்ல. 2016 அக்டோபரில் மிராய் என்ற நிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் அடிமைப்படுத்தி, டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கி, அமெரிக்காவின் பெரிய தளங்கள் பலவற்றை ஒரே நாளில் எட்டாமல் செய்தது. அந்தக் கேமராக்கள் சாதாரணக் குடும்பங்களின் வீட்டில் இருந்தவை. தாக்குகிறவன் நம் வீட்டு முகவரியைப் போர்த்திக்கொண்டு வரும்போது, நம் வீட்டு முகவரியைச் சந்தேகிக்காமல் தளக்காரர் வேறு என்ன செய்வார்?

வேறு சிலவும் செய்கிறார். முகவரி மட்டும் போதாது என்று தெரிந்து மற்ற அடையாளங்களையும் சேர்க்கிறார். பூட்டுக் குறியோடு திறக்கும் ஒவ்வொரு தளத்திலும், ஒரு சொல் பரிமாறுவதற்கு முன்பே, பிரவுசர் ஒரு வணக்கம் சொல்கிறது. எனக்கு இன்னின்ன ரகசியக் குறியீட்டு முறைகள் தெரியும், இந்த வரிசையில் விருப்பம், இன்னின்ன கூடுதல் வசதிகள் உண்டு என்று ஒரு பட்டியலை அந்த வணக்கத்தில் நீட்டும். குரோம் நீட்டும் பட்டியல் ஒரு மாதிரி, ஃபயர்ஃபாக்ஸ் நீட்டுவது வேறு மாதிரி, பைத்தான் மொழியில் நாலு வரி எழுதி ஓடவிட்ட நிரல் நீட்டுவது இன்னொரு மாதிரி. 2017இல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் மூவர் அந்தப் பட்டியலை 32 எழுத்துக் கைரேகையாகச் சுருக்கும் முறையை வெளியிட்டார்கள். ஜேஏ3 என்று பெயர். நான் குரோம் என்று வாயால் சொல்லிக்கொண்டு, கைரேகை பைத்தானுடையதாக இருந்தால் ஆள் மாட்டிக்கொள்வார். நல்ல யோசனைதான்; ஆனால் 2023இல் குரோமே தன் பட்டியலின் வரிசையை ஒவ்வொரு முறையும் கலைத்துப் போட ஆரம்பித்தது, பழைய கைரேகைப் பதிவேடு பாதி வீணானது. (வாயால் சொல்வதன் யோக்கியதையும் தெரிந்ததே: இன்றைய பிரவுசர்கள் ஏறக்குறைய எல்லாமே தம்மை மொஸில்லா/5.0 என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. தொண்ணூறுகளில் சில தளங்கள் நெட்ஸ்கேப்புக்கு மட்டும் நல்ல பக்கத்தைக் காட்டியதால் மற்றவை சொல்லக் கற்றுக்கொண்ட பொய் அது. தடுப்பு இருந்தால் வேஷம் இருக்கும் என்பதற்கு இணையத்தின் மிகப் பழைய சாட்சியம்.) இந்தச் சோதனைகளில் விழுகிறவர்களில் பாட்களும் உண்டு, பழைய கைபேசியில் புதுப்பிக்க முடியாத பிரவுசர் வைத்திருப்பவரும் உண்டு, விளம்பரத் தடுப்பான் போட்டவரும் உண்டு, பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவரும் உண்டு. அவர்களுடைய கருவி சராசரியிலிருந்து விலகியிருக்கிறது, அவ்வளவுதான்.

சந்தேகம் தீராதபோது வருவது கேப்ச்சா. கோணல்மாணலான எழுத்தைப் படி, போக்குவரத்து விளக்குள்ள கட்டங்களைத் தொடு. மனிதரால் முடியும், இயந்திரத்தால் முடியாது என்ற நம்பிக்கையில் 2003இல் லூயிஸ் வான் ஆன், மானுவல் பிளம் முதலியோர் ஆய்வுக் கட்டுரை எழுதிய காலத்தில் அது சரி. இருபது வருஷம் கழித்து, 2023இல், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று 1,400 பேரைக் கொண்டு சோதித்தார்கள். எழுத்துக் கேப்ச்சாவுக்கு மனிதர்கள் எடுத்துக்கொண்டது 9 முதல் 15 விநாடி, சரியாகச் செய்தது 50 முதல் 84 விழுக்காடு. பாட்களைப் பற்றிய ஆய்வுகளில் பதிவான அளவு ஒரு விநாடிக்கும் குறைவு, 99.8 விழுக்காடு. மனிதரைத் தேர்ந்தெடுக்க வைத்த பரீட்சையில் இயந்திரம் முதல் மதிப்பெண் வாங்குகிறது. இப்போது பல தளங்கள் புதிர் போடுவதை விட்டுவிட்டு, பின்னணியில் பிரவுசரையே ஒரு சிறு கணக்குப் போடவைத்து அனுப்புகின்றன. ‘நீங்கள் மனிதரா என்று சரிபார்க்கிறோம்’ என்று சில விநாடி சக்கரம் சுற்றுவது அதற்காகத்தான். ஒருவருக்கு அது ஒரு மூச்சு நேரம். லட்சம் பக்கம் அள்ள வந்த நிரலுக்கு மின்கட்டணம். புதிரைவிட இது நேர்மையான தடுப்பு என்று எனக்குப் படுகிறது, ஆளைப் பார்க்காமல் செய்கிற வேலையின் அளவைப் பார்த்து விலை வைப்பதால்.

சரி, ஒரு வடிகட்டி 99 விழுக்காடு துல்லியமாக வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அப்பாவிகள் அதிகம் மாட்ட மாட்டார்களே என்று கேட்கலாம். இங்கேதான் கணக்கு ஏமாற்றும். ஒரு தளத்துக்கு ஒரு லட்சம் வருகை. அதில் பாட்கள் நூற்றுக்கு ஒன்று, அதாவது 1,000. வடிகட்டி அவற்றில் 990ஐப் பிடிக்கிறது. மீதி 99,000 மனிதர்களில் நூற்றுக்கு ஒருவரைத் தவறாகப் பிடிக்கிறது, அதுவும் 990. வெளியே நிற்கும் வரிசையில் சரிபாதி மனிதர்கள்! இதே வடிகட்டியைத் தட்கல் திறக்கும் நேரத்துக்குக் கொண்டுபோங்கள். லட்சத்தில் பாதி பாட்கள் என்றால், பிடிபடும் பாட்கள் 49,500, தவறாகப் பிடிபடும் மனிதர்கள் 500. வரிசையில் நூற்றுக்கு ஒருவர்தான் அப்பாவி. கருவி மாறவில்லை, துல்லியம் மாறவில்லை. காலை 10 மணிக்கு நியாயமாக இருந்தது மதியம் 3 மணிக்கு அநியாயமாகிவிட்டது. தாக்குதல் நடந்த இரவில் பதறிப்போய் எழுதிய விதி, தாக்குதல் ஓய்ந்து மாதங்கள் ஆனபிறகும் எடுக்க ஆளில்லாமல் கிடக்கும்போது நடப்பது இதுதான். ‘எங்கள் வடிகட்டி 99 விழுக்காடு துல்லியம்’ என்ற விற்பனை வாசகம், வெளியே நிற்பவர்களில் எத்தனை பேர் மனிதர் என்பதைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

ஏன் எடுக்க ஆளில்லை என்பதுதான் முக்கியமான கேள்வி. உள்ளே நுழைந்துவிட்ட பாட் தடயம் விட்டுப்போகிறது: சர்வர் திணறுகிறது, கட்டணம் ஏறுகிறது, டிக்கெட் மாயமாகிறது, மேலதிகாரி கேட்கிறார். வெளியே தள்ளப்பட்ட மனிதர் எந்தத் தடயமும் விடுவதில்லை. அறிக்கையில் அவர் ‘தடுத்து நிறுத்திய அச்சுறுத்தல்கள்’ என்ற பெருமைக்குரிய எண்ணிக்கையில் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறார். முறையிடலாம் என்றால், தொடர்பு கொள்ளும் படிவமும் அதே பூட்டுக்கு உள்ளே இருக்கிறது. ஒரு வகைத் தவறு சத்தம் போடுகிறது, இன்னொரு வகை வாய் திறப்பதே இல்லை. இரண்டுக்கும் இடையே தராசு பிடிக்கச் சொன்னால் எந்தத் தட்டு தாழும் என்று சொல்லத் தேவையில்லை. தளக்காரர் கல்நெஞ்சக்காரராக இருக்க வேண்டியதில்லை. அவர் கண்ணுக்கு எட்டும் எண்களை வைத்து நியாயமாகத்தான் நடக்கிறார்.

இதிலிருந்து, உள்ளே போவதற்கான வழியும் தெளிவாகிறது: எந்த அடுக்கில் தடை விழுந்தது என்று கண்டுபிடிப்பது, பிறகு அந்தத் தவறை ஒரு மனிதரின் கண்ணில் படவைப்பது. முதலில் பக்கத்தில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். 403 என்றால் சர்வர் நம் கோரிக்கையைப் புரிந்துகொண்டு மறுக்கிறது. 429 என்றால் குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறிக் கேட்டிருக்கிறோம், அல்லது நம் முகவரியில் குடியிருப்பவர்கள் கேட்டிருக்கிறார்கள். எத்தனை விநாடி கழித்து வரலாம் என்ற குறிப்பையும் சர்வர் சேர்த்து அனுப்பலாம். இதற்கு மருந்து பொறுமை ஒன்றுதான். பக்கத்தை மறுபடி மறுபடி புதுப்பித்தால் தண்டனை நீளும். 503 என்றால் பெரும்பாலும் சர்வரே தள்ளாடுகிறது, நம்மைப் பற்றியதே அல்ல. கிளவுட்ஃப்ளேர் காவல் நிற்கும் தளமாக இருந்தால் இன்னும் நுணுக்கமான எண் கிடைக்கும்: 1015 வேகக் கட்டுப்பாடு, 1020 தளக்காரர் எழுதிவைத்த ஏதோ ஒரு விதி, 1006 நம் முகவரிக்கே தடை, 1009 நம் நாட்டுக்கே தடை. பக்கத்தின் அடியில் ரே ஐடி என்று ஒரு 16 எழுத்துக் குறியீடு இருக்கும். யாரும் கவனிக்காத அந்தக் கிறுக்கல்தான் மொத்தப் பக்கத்திலும் விலைமதிப்புள்ளது. அதை வைத்துத் தளக்காரரால் எந்த விதி நம்மைத் தள்ளியது என்று ஒரே தேடலில் பார்த்துவிட முடியும்.

எண் எதுவும் இல்லாத மொட்டைப் பக்கமாக இருந்தால், கைபேசியை வைத்தே நோயைப் பிரித்தறியலாம். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் அதே பக்கத்தைத் திறந்தால் திறக்கிறதா? அப்படியானால் குற்றம் வீட்டு முகவரியின் மேல். இரண்டிலும் திறக்காமல், வேறொரு பிரவுசரிலோ மறைநிலைச் சாளரத்திலோ மட்டும் திறந்தால், பழைய குக்கியோ, ஏதாவது நீட்டிப்போ, விளம்பரத் தடுப்பானோ காரணம். எதிலும் திறக்கவில்லை, ஆனால் வேறு ஊரில் இருக்கும் நண்பருக்குத் திறக்கிறது என்றால் தடை இடத்தைப் பொறுத்தது. உள்நுழைந்த பிறகுதான் மறுக்கிறது என்றால் கணக்கைப் பொறுத்தது. கடிகாரத்தையும் பார்த்துவிட வேண்டும். கருவியின் தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழும் சரிபார்ப்பும் தோற்று, ‘மனிதரா’ சக்கரம் முடிவில்லாமல் சுற்றும். வீட்டு முகவரிதான் காரணம் என்றால் ரூட்டரைச் சிறிது நேரம் அணைத்துப் போடுவது, மொபைலில் விமானப் பயன்முறையை ஒருமுறை போட்டு எடுப்பது, இவற்றால் வேறு முகவரி கிடைக்கக்கூடும். கிடைக்கும் முகவரி பழையதைவிட நல்ல பெயருடையது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அப்படியும் அடிக்கடி இதே தொல்லை வந்தால், வீட்டுக்குள்ளேயே திருடன் இருக்கிறானா என்று தேட வேண்டும். கூகுள் 2025 ஜூலையில் வழக்குத் தொடுத்த பேட்பாக்ஸ் 2.0 வலைப்பின்னலில் சான்றளிக்கப்படாத ஆண்ட்ராய்டு கருவிகள் ஒரு கோடிக்கும் மேல் சிக்கியிருந்தன. மலிவாகக் கிடைக்கும் டிவி பெட்டிகள் அவற்றில் அடக்கம். கூடத்தில் படம் காட்டிக்கொண்டிருக்கும் பெட்டி, உரிமையாளருக்குத் தெரியாமல் அவர் இணைப்பை வாடகைக்கு விடும். அந்த வீட்டு முகவரிக்குக் கெட்ட பெயர் வந்தால், இந்த ஒரு இடத்தில் மட்டும் பெயர் சரிதான்.

நம் போக்குவரத்தை வேறொரு முகவரி வழியே அனுப்பும் விபிஎன் போட்டால் ஒரே தட்டில் தீர்ந்துவிடுமே, இவ்வளவு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சில நேரம் தீரும். ஆனால் நெரிசலான முகவரி என்பதால் சந்தேகத்துக்கு ஆளானவர், அதைவிட நெரிசலான, முன்பின் தெரியாதவர்கள் முகத்தை மறைத்துக்கொண்டு வரும் முகவரிக்குக் குடிபோகிறார். விபிஎன் நிறுவனங்களின் முகவரிகள் பட்டியலாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன. பல தளங்கள் அவற்றை மொத்தமாகத் தள்ளுகின்றன. அடையாளத்தை மறைக்கும் டோர் வலையின் வெளிவாசல் முகவரிகளுக்கும் இதே கதி. இலவச விபிஎன் என்றால் கூடுதல் ஆபத்து. 2024 மேயில் அமெரிக்க நீதித்துறை முறியடித்த 911 எஸ்5 என்ற வலைப்பின்னல், இலவச விபிஎன் செயலிகளுக்குள் ஒளிந்துதான் கணினிகளுக்குள் புகுந்தது, 1.9 கோடி ஐபி முகவரிகளைக் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டது. தடையைத் தாண்டுவதற்காக நிறுவிய செயலி, தடை விழுவதற்கான காரணத்தை நம் கணினியிலேயே உற்பத்தி செய்தது. தவிர, தன் விருப்பத்தோடு சாத்திய கதவும் உண்டு. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தபோது, லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ், சிகாகோ ட்ரிப்யூன் போன்ற அமெரிக்க நாளிதழ்கள் ஐரோப்பிய வாசகர்களை அப்படியே வெளியே நிறுத்தின. சட்டத்துக்கு ஒத்துப்போவதைவிட அது மலிவு என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அது தப்புக்கணக்கு அல்ல, முடிவு. அதைத் திருத்தக் கோர முடியாது, விமர்சிக்கலாம்.

ஐபி ஆறாம் பதிப்பு வந்தால் முகவரிப் பஞ்சமே இருக்காது, பிறகு இந்தப் புலம்பல் எதற்கு என்பது இன்னும் கனமான வாதம். அதில் உண்மை இருக்கிறது. 128 பிட் முகவரியில் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தனித்தனி வரிசையே கொடுக்கலாம். அந்தப் பதிப்பைப் பயன்படுத்துவதில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது. ரூட்டரில் அது அணைந்து கிடந்தால் இயக்கிவைப்பது உருப்படியான காரியம். ஆனாலும் எதிர்முனைத் தளம் நான்காம் பதிப்பில் மட்டும் நின்றால், கைபேசி மறுபடியும் அந்தப் பொதுக் கதவு எண் வழியாகத்தான் போயாக வேண்டும். புதிய பதிப்பிலும் தளங்கள் ஒற்றை முகவரியைத் தடுப்பதில்லை; ஒருவனாலேயே கோடானுகோடி முகவரி மாற்ற முடியும் என்பதால் வரிசை வரிசையாகத்தான் தடுக்கின்றன. வரிசையின் அகலத்தைத் தப்பாக மதிப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரரும் தடைக்குள் சிக்குவார். பஞ்சம் தீரும், பனைமரம் அங்கேயே நிற்கும்.

கடைசியாக ஓர் ஆட்சேபம்: தளம் அவருடையது, யாரை உள்ளே விடுவது என்பது அவர் உரிமை. ஒரு கவிதைத் தளத்துக்கோ துணிக்கடைக்கோ இதை மறுக்க மாட்டேன். ஆனால் சான்றிதழ், தேர்வு முடிவு, ரயில் டிக்கெட், வரி என்று ஒவ்வொன்றாக இணையத்துக்கு மாற்றி, பக்கத்திலிருந்த ஜன்னலை மூடிய பிறகு, அந்த வாசல் தனியார் வாசலாக இருக்க முடியாது. இந்திய அரசுத் தளங்களில் சில வெளிநாட்டு முகவரிகளுக்குத் திறப்பதே இல்லை. தாக்குதல்கள் வெளியிலிருந்து வருகின்றன என்பது காரணம். தாக்குகிறவன் இந்திய முகவரி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்துவிடுவான், சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஊரில் உள்ள நிலத்தின் பட்டாவைப் பார்க்க நினைப்பவர்தான் வெளியே நிற்பார். இப்படிப்பட்ட இடங்களில் கேட்கத் தகுந்தது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை: எதற்காக, எவ்வளவு நேரத்துக்கு நிறுத்தியிருக்கிறோம் என்று ஒரு வரி, பூட்டுக்கு வெளியே ஒரு மின்னஞ்சல். சட்டத்தால் மறுக்கப்படும் பக்கங்களுக்கென்று 2016இல் வெளியிட்ட 451 என்ற குறியீட்டில், எந்தச் சட்டக் கோரிக்கையால் பக்கம் மறைந்தது என்று விளக்கம் தர வேண்டும், தடுப்பது யார் என்று சொல்ல வேண்டும் என்று பரிந்துரையே இருக்கிறது. 403க்கு அப்படி ஒரு பரிந்துரையும் இல்லை. காரணம் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். ஆகவே நாமாக எழுத வேண்டியதாகிறது. பொது முகவரி எண், நேரம் (எந்த நாட்டு நேரம் என்பதோடு), குறியீடு, திரைப்பதிவு, அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்று இரண்டு வரி. இந்த ஐந்தும் இருந்தால் எந்த நிர்வாகியாலும் சில நிமிடத்தில் விதியைக் கண்டுபிடிக்க முடியும். ‘உங்கள் தளம் திறக்கவில்லை’ என்று மட்டும் எழுதினால், எனக்குத் திறக்கிறதே என்ற பதில்தான் வரும், அவருக்குத் திறப்பதும் உண்மைதான்.

பூட்டுக்கு வெளியே ஒரு வழி வைக்க முடியும் என்பதற்கு விக்கிப்பீடியாவே சாட்சி. அங்கே தடைபட்ட முகவரியிலிருந்து கணக்கு இல்லாமல் எந்தக் கட்டுரையையும் தொட முடியாது. ஆனால் வேண்டுமென்றே அதையும் மூடினாலொழிய, ஒரே ஒரு பக்கம் திறந்திருக்கும்: தடைபட்டவருக்கே உரிய பேச்சுப் பக்கம். தடையை நீக்கக் கோரும் ஒரு சிறு குறிப்பை அங்கே இட்டால், அது நிர்வாகிகள் பார்க்கும் பட்டியலில் போய் நிற்கும். அதோடு, ஒரு நாட்டின் அல்லது பெரிய நிறுவனத்தின் பொது வாசலாக இருக்கும் முகவரிகளில் தடை போடுவதற்கு முன் யோசிக்கச் சொல்லும் பட்டியல் ஒன்றும் அவர்களிடம் உண்டு. இடைச்சர்வருக்குப் பின்னால் இருக்கும் உண்மை முகவரியைச் சேவை நிறுவனம் சேர்த்து அனுப்பினால், அதை நம்பி ஏற்கும் ஏற்பாடும் இருக்கிறது; அப்போது தடை நாட்டின் மேல் விழாமல் வீட்டின் மேல் விழும்.